தலையில் அடிபட்ட பிள்ளை மீண்டும் பழையபடி படிப்பது எப்போது? முன்கூட்டியே கணிக்க முடியுமா?

பள்ளித் திடலில் காற்பந்து விளையாட்டு. பந்தைத் தலையால் முட்ட எம்பிய இரு மாணவர்களின் தலைகள் மோதிக்கொள்கின்றன. ஒருவன் சற்று நேரம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து நடக்கிறான். மயக்கம் இல்லை, இரத்தம் இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், "பயப்பட ஒன்றுமில்லை, வீட்டில் ஓய்வெடுக்கட்டும்" என்று அனுப்பி விடுகிறார்கள்.

இரண்டு வாரம் ஓடிவிடுகிறது. வெண்பலகையில் உள்ள கணக்கைப் பார்த்து எழுத அவனுக்கு நேரம் பிடிக்கிறது. ஒரே பத்தியை இரண்டு மூன்று முறை படிக்கிறான். மதியத்திற்குள் தலை வலிக்கிறது. மாலையில் டியூஷனுக்குப் போக மாட்டேன் என்கிறான். "படிக்கச் சொன்னால் மட்டும் தலைவலி வந்துவிடுமா?" என்று வீட்டில் ஏச்சு. "முன்பு போல் கவனம் இல்லை" என்று வகுப்பாசிரியரிடமிருந்து புகார்.

தலையில் அடிபட்ட பிறகு பல பிள்ளைகள் இந்தக் கட்டத்தைக் கடந்துதான் வருகிறார்கள். பெரும்பாலோர் முழுமையாகத் தேறியும் விடுகிறார்கள். ஆனால், யார் ஒரு வாரத்தில் தேறுவார், யாருக்கு ஒரு மாதத்திற்கு மேல் ஆகும் என்பதை முதல் நாளிலேயே சொல்ல முடியுமா? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மருத்துவர்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடி வருகிறார்கள். இதுவரை கிடைத்திருக்கும் விடை, பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

ஸ்கேனில் ஏன் தெரிவதில்லை?

தலையில் நேரடியாக விழும் அடியினாலோ, உடல் பலமாகக் குலுக்கப்படுவதாலோ மூளையின் செயல்பாடு தற்காலிகமாகப் பாதிக்கப்படுவதைத்தான் 'கன்கஷன்', அதாவது மூளை அதிர்வு என்கிறார்கள். மயக்கம் போட்டு விழுந்தால்தான் மூளை அதிர்வு என்பது தவறான எண்ணம். மூளை அதிர்வு ஏற்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை.

சி.டி. ஸ்கேன், மண்டை ஓட்டில் விரிசலையும் மூளையில் இரத்தக் கசிவையும் காட்டும். மூளை அதிர்வில் நடப்பது வேறு. அடிபட்டவுடன் நரம்பணுக்களின் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறுகிறது, வெளியிலிருந்து கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தச் சமநிலையை மீட்க மூளைக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி தேவை. அதே நேரத்தில் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டமோ குறைந்துவிடுகிறது. தேவை கூடுகிறது, வரவு குறைகிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் சின்ன ஜெனரேட்டரை வைத்து வீட்டை ஓட்டுவது போன்றது இது. விளக்கும் விசிறியும் ஓடும். அதோடு சலவை இயந்திரத்தையும் முடுக்கினால் எல்லாம் நின்றுவிடும். காலையில் நன்றாக இருக்கும் பிள்ளை இரண்டு பாடவேளைகளுக்குப் பிறகு சோர்ந்து போவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, ஸ்கேன் எடுக்கவில்லை என்பதற்காக மருத்துவர் அலட்சியம் காட்டினார் என்று நினைக்க வேண்டியதில்லை. எந்தப் பிள்ளைக்கு ஸ்கேன் அவசியம், யாருக்கு அவசியமில்லை என்பதைப் பிரித்தறிய வட அமெரிக்காவில் 42,000க்கும் அதிகமான சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2009இல் வெளியானது. மூளை அதிர்வை உறுதிப்படுத்துவதற்காக மட்டும் வழக்கமாக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டியும் கூறுகிறது. தேவையற்ற கதிர்வீச்சைப் பிள்ளைகளின் தலைக்குள் செலுத்துவதைத் தவிர்ப்பதே நோக்கம்.

அதே வேளையில், ஸ்கேன் சுத்தமாக இருந்தால் பிள்ளை பள்ளிப்பாடத்திற்குத் தயாராகிவிட்டது என்றும் பொருள் இல்லை. ஸ்கேன் சொல்வது "உயிருக்கு ஆபத்தான கசிவு இல்லை" என்பதை மட்டும்தான். எப்போது தேறும் என்பதை அது சொல்வதில்லை.

3,063 பிள்ளைகளிடம் கேட்ட கேள்விகள்

தேறும் காலத்தைக் கணிப்பதற்கான மிகப் பெரிய முயற்சிகளுள் ஒன்று கனடாவில் நடந்தது. ஒட்டாவா நகரின் சிறார் மருத்துவமனையைச் சேர்ந்த அவசரப் பிரிவு மருத்துவர் ரோஜர் ஸெமெக் தலைமையிலான குழு, ஒன்பது சிறார் அவசரப் பிரிவுகளில் 5 முதல் 17 வயது வரையிலான 3,063 பிள்ளைகளை ஆய்வில் சேர்த்தது. அனைவரும் அடிபட்ட 48 மணி நேரத்திற்குள் வந்தவர்கள். 28 நாள்களுக்குப் பிறகு அவர்களின் நிலை விசாரிக்கப்பட்டது. ஆய்வின் முடிவுகள் 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தன.

முடிவு இதுதான்: இறுதிவரை தொடர்பில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 10 பேரில் மூவருக்கு ஒரு மாதம் கழித்தும் அறிகுறிகள் நீடித்தன. தலைவலி, களைப்பு, கவனக்குறைவு, மறதி போன்றவற்றில் குறைந்தது மூன்று, அடிபடுவதற்கு முன் இருந்ததைவிட மோசமாக இருந்தால்தான் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்.

அந்த மூவர் யார் என்பதை முதல் நாளே அடையாளம் காண, 12 புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோலை அக்குழு உருவாக்கியது. அதில் ஒன்பது கேள்விகள்தான்.

• பெண் பிள்ளையா? ஆம் என்றால் 2 புள்ளி.
• வயது என்ன? 8 முதல் 12 வரை என்றால் 1 புள்ளி, 13 அல்லது அதற்கு மேல் என்றால் 2 புள்ளி.
• மருத்துவர் உறுதிப்படுத்திய ஒற்றைத் தலைவலி முன்பே உண்டா? 1 புள்ளி.
• இதற்கு முன் மூளை அதிர்வு ஏற்பட்டு, அறிகுறிகள் ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தனவா? 1 புள்ளி.
• தலைவலி இருக்கிறதா? 1 புள்ளி.
• சத்தம் தாங்க முடியவில்லையா? 1 புள்ளி.
• களைப்பு இருக்கிறதா? 2 புள்ளி.
• கேள்விக்குப் பதில் சொல்லத் தாமதமாகிறதா? 1 புள்ளி.
• ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியோடு ஒட்டி வைத்து, கண்ணை மூடி, இடுப்பில் கைவைத்து நிற்கும் சோதனையில் நான்கு அல்லது அதற்கு மேல் தவறுகள் நேர்ந்தனவா? 1 புள்ளி.

0 முதல் 3 வரை குறைந்த அபாயம். இப்பிரிவில் உள்ளவர்களுக்கு அறிகுறிகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடிக்கும் வாய்ப்பு சுமார் 4 முதல் 12 விழுக்காடு. 4 முதல் 8 வரை நடுத்தர அபாயம், 16 முதல் 48 விழுக்காடு. 9 முதல் 12 வரை உயர்ந்த அபாயம், 57 முதல் 81 விழுக்காடு.

இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம். 11 வயதுப் பையன், தலைவலி, களைப்பு, பதில் சொல்வதில் தாமதம். 1, 1, 2, 1 என மொத்தம் 5 புள்ளி, நடுத்தரப் பிரிவு. 15 வயது மாணவி, முன்பே ஒற்றைத் தலைவலி உள்ளவர், இப்போது தலைவலி, களைப்பு, சத்தம் தாங்காமை. மொத்தம் 9 புள்ளி, உயர்ந்த பிரிவு. பதின்ம வயதுப் பெண் பிள்ளை எந்த அறிகுறியையும் சொல்வதற்கு முன்பே 4 புள்ளியோடு நடுத்தரப் பிரிவில்தான் தொடங்குகிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. "பொம்பளப் பிள்ளைதானே, மெல்ல நடக்கும்போது விழுந்ததுதானே" என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடிபட்டபோது மயக்கம் போட்டு விழுந்தானா என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி இந்த ஒன்பதில் இல்லை.

கணிப்பு எவ்வளவு நம்பகமானது?

அளவுகோல் சோதிடம் அல்ல. ஒரு மாதத்திற்கு மேல் தொல்லைப்படப் போகும் ஒரு பிள்ளையையும், விரைவில் தேறப்போகும் ஒரு பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தால் 100 ஜோடிகளில் 50 முறை சரியாகச் சொல்லலாம். அனுபவமுள்ள மருத்துவர்களின் ஊகம் மட்டும் 100இல் ஏறக்குறைய 55 முறை சரியாக இருந்தது. இந்த அளவுகோல், புதிய பிள்ளைகளிடம் சோதித்தபோது ஏறக்குறைய 68 முறை சரியாக இருந்தது.

நாணயத்தைவிடவும் ஊகத்தைவிடவும் இது மேல். ஆனால், 100 என்ற உறுதிக்கு இன்னும் வெகுதூரம். எனவே "உன் பிள்ளைக்கு 9 புள்ளி, கண்டிப்பாக இழுத்துக்கொண்டே போகும்" என்று யாரும் தீர்ப்புக் கூற முடியாது. யாரை முன்கூட்டியே மறுபரிசோதனைக்கு அழைக்க வேண்டும், யாருக்காகப் பள்ளிக்கு முதலிலேயே கடிதம் எழுத வேண்டும் என்று முடிவு செய்யத்தான் அந்த எண் பயன்படுகிறது. குறைந்த புள்ளி பெற்ற பிள்ளையும் தொல்லைப்பட்டால், எண்ணைப் பார்க்காமல் பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி வேறு, அறிவுத்திறன் வேறு

பெற்றோரின் மனத்தை அரிக்கும் அச்சம் ஒன்று உண்டு. "மூளையில் அடிபட்டதே, பிள்ளையின் புத்தி மங்கிவிடுமா?" பலர் இதை வாய்விட்டுக் கேட்பதுகூட இல்லை.

இதற்கு ஆறுதலான பதில் 2023இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளிவந்தது. கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள சிறார் மருத்துவமனைகளில் 8 முதல் 16 வயது வரையிலான 866 பிள்ளைகள் ஆராயப்பட்டனர். 566 பேர் மூளை அதிர்வுக்கு ஆளானவர்கள். 300 பேர் கை கால் எலும்பு போன்ற காயங்களோடு வந்தவர்கள். ஒரு பகுதியினருக்கு முதல் சில வாரங்களிலும் மற்றவர்களுக்கு மூன்று மாதங்களிலும் நுண்ணறிவுச் சோதனை நடத்தப்பட்டது. இரு தரப்பினருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அப்படியென்றால் அந்த மாணவன் ஏன் தடுமாறுகிறான்? நுண்ணறிவு என்பது ஒன்று. கவனத்தை நிறுத்திவைப்பது, கேட்டதைச் சில வினாடிகள் மனத்தில் வைத்துக்கொண்டே அடுத்த அடியைச் செய்வது, விரைவாகப் புரிந்து விடை சொல்வது ஆகியவை வேறு. மூளை அதிர்வு முதலில் தொடுவது இவற்றைத்தான். அமைதியான அறையில், ஒருவர் எதிரே அமர்ந்து அரை மணி நேரம் நடத்தும் சோதனையில் பிள்ளை சமாளித்துவிடலாம். 35 பேர் இருக்கும் வகுப்பறையில், விசிறிச் சத்தத்திற்கு நடுவே, ஐந்து மணி நேரம் தாக்குப்பிடிப்பது வேறு கதை.

மற்றொரு சிக்கலும் உண்டு. சோதனை முடிவுகள் அதே வயதுப் பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிடப்படுகின்றன. வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த மாணவி சராசரிக்கு இறங்கியிருந்தால், தாளில் 'இயல்பு நிலை' என்றுதான் வரும். எழுத்துக்கூட்டிப் படிக்க முன்பே சிரமப்பட்ட பிள்ளையின் முடிவு குறைவாக வந்தால், அடியால் வந்ததாகத் தவறாக எண்ணிவிடலாம். அடிபடுவதற்கு முன் அந்தப் பிள்ளை எப்படி இருந்தது என்பதை அறிந்தவர்கள் பெற்றோரும் வகுப்பாசிரியரும்தான். பழைய தேர்வுத்தாள்களும் பயிற்சி நூல்களும் மருத்துவருக்குப் பயன்படும் சான்றுகள்.

அடிபடுவதற்கு முன்பிருந்த நிலை

தொடக்க நாள்களின் தொல்லைகளுக்கு அடியின் தன்மை பெரும் காரணம். வாரங்கள் செல்லச் செல்ல, தேறும் வேகத்தைத் தீர்மானிப்பதில் பிள்ளையின் பழைய நிலையும் வீட்டுச் சூழலும் கூடுதல் பங்கு வகிக்கின்றன என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிய வந்திருக்கிறது. முன்பே ஒற்றைத் தலைவலி, பதற்றம், மனச்சோர்வு, கவனக்குறைபாடு, கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகள் கூடுதல் கவனிப்புக்கு உரியவர்கள். சரியான தூக்கம் இல்லாத பிள்ளைக்குத் தலைவலியும் மறதியும் நீளும்.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடியின் வேகத்தை யாரும் திரும்பிப் போய் மாற்ற முடியாது. ஆனால், தூங்கும் நேரத்தை மாற்றலாம். ஏச்சைக் குறைக்கலாம். "நடிக்கிறாய்" என்று சொல்வதை நிறுத்தலாம். கணிப்பில் இடம்பெறும் காரணங்களுள் குடும்பத்தின் கையில் இருப்பவை இவைதாம்.

இருட்டறையில் படுக்க வைக்கலாமா?

ஒரு காலத்தில், அறிகுறிகள் முற்றாக மறையும்வரை பிள்ளையை அசையவிடாமல் படுக்க வைப்பதே சிறந்தது என்று கருதப்பட்டது. இன்று அந்த அறிவுரை மாறிவிட்டது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 11 முதல் 22 வயது வரையிலானோரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஐந்து நாள் கடுமையான ஓய்வும், மற்ற பிரிவினருக்கு வழக்கமான ஓரிரு நாள் ஓய்வும் பரிந்துரைக்கப்பட்டன. ஐந்து நாள் ஓய்வெடுத்தவர்கள்தாம் கூடுதல் அறிகுறிகளைச் சொன்னார்கள். 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அறிகுறி மோசமாகாத அளவில் இலேசான உடற்பயிற்சி செய்த பதின்ம வயதினர் 13 நாள்களிலும், உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாள்களிலும் தேறினர்.

திரை விஷயத்தில் பெற்றோரின் சந்தேகம் சரியே. 12 முதல் 25 வயது வரையிலான 125 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், முதல் 48 மணி நேரம் கைப்பேசி, தொலைக்காட்சி போன்றவற்றைத் தவிர்த்தவர்கள் மூன்றரை நாளில் தேற, பார்த்தவர்களுக்கு எட்டு நாள் பிடித்தது.

விளையாட்டு மூளை அதிர்வு குறித்து ஆம்ஸ்டர்டாமில் நடந்த அனைத்துலக மாநாட்டின் 2023ஆம் ஆண்டு அறிக்கையும் இதே வழியில்தான் செல்கிறது. முதல் ஒன்றிரண்டு நாள் வீட்டில் இலேசான ஓய்வு, திரை குறைவு. அதன் பிறகு நடை, சிறு வேலைகள், கொஞ்சம் படிப்பு என்று படிப்படியாகக் கூட்ட வேண்டும். தலைவலி சற்றே எட்டிப்பார்த்து ஒரு மணி நேரத்திற்குள் அடங்கினால் தொடரலாம். கூடிக்கொண்டே போனால் ஒரு படி இறங்க வேண்டும்.

வழக்கமான வீட்டு வைத்தியங்களிலும் கவனம் தேவை. கோடாலித் தைலம் தடவுவதால் மூளை அதிர்வு குணமாகாது. தலைவலி மாத்திரையை நாள்கணக்கில் விழுங்கினால் அதுவே தலைவலியை நீட்டிக்கும். மருத்துவர் பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, "தூங்கவே விடக்கூடாது" என்று பிள்ளையை இரவெல்லாம் விழிக்க வைப்பது தேவையில்லை. தூக்கம்தான் மருந்து.

பள்ளி செய்யக்கூடியவை

தேறிவரும் பிள்ளையை வாரக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருப்பது நல்லதல்ல. பாடம் பின்தங்கும், நண்பர்கள் விலகுவார்கள், கவலை கூடும். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு அரை நாள் பள்ளி என்று தொடங்கலாம். இடையிடையே பத்து நிமிட ஓய்வு, வீட்டுப்பாடத்தில் பாதி, தேர்வில் கூடுதல் நேரம், விசிறிக்கும் சன்னலுக்கும் தள்ளி முன் வரிசையில் இடம் ஆகியவை செலவில்லாத உதவிகள். வகுப்பாசிரியரிடமோ பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமோ மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்துப் பேசினால் போதும்.

விளையாட்டு மட்டும் கடைசியில். பழையபடி முழு நேரமும் பாடத்தில் உட்கார முடிந்த பிறகு, மருத்துவர் அனுமதித்த பிறகுதான் காற்பந்து, ரக்பி, சிலம்பம், தற்காப்புக் கலை எல்லாம். முதல் அடியிலிருந்து தேறாத மூளைக்கு இரண்டாவது அடி விழுவது அபூர்வமாக உயிருக்கே உலை வைக்கலாம். பள்ளிகளுக்கு இடையிலான போட்டி அடுத்த வாரம் என்பது காரணமாகாது.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

தலைவலி கூடிக்கொண்டே போவது, மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத அளவு தூக்கம், பேச்சுக் குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது, கை காலில் பலவீனம், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. தோட்டப்புறத்திலிருந்து மருத்துவமனைக்கு வெகுதூரம் என்றால், அடிபட்ட முதல் இரவு வாகன வசதி உள்ள உறவினர் வீட்டில் தங்குவது புத்திசாலித்தனம்.

இவை எதுவும் இல்லாமல், களைப்பும் கவனக்குறைவும் மட்டும் நான்கு வாரத்தைத் தாண்டினால் மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கைகொடுக்கும். அடிபட்ட தேதி, அன்றாடம் எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை நிமிடம் தொடர்ந்து படிக்க முடிந்தது, எப்போது தலைவலி வந்தது. நாளுக்கு இரண்டு வரி போதும்.

முதல் வாரத்தில் பத்து நிமிடம் படித்த பிள்ளை மூன்றாவது வாரத்தில் நாற்பது நிமிடம் படிக்கிறான் என்றால், அந்த நோட்டுப் புத்தகமே வீட்டாருக்குத் தைரியம் சொல்லிவிடும். பத்து நிமிடத்திலேயே நின்றுவிட்டது என்றால், மருத்துவர் அடுத்த அடி எடுத்து வைப்பதற்கு அதைவிட நல்ல தடயம் கிடைக்காது.